கவுன்ட் சீட்டில் முதலில் பார்க்க வேண்டிய எண்

பெரிய முதலியார்சாவடியில் ஒரு காய்ச்சல்காரர் வீட்டுக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தால், அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி "தட்டணு எவ்வளவு?" என்பதுதான். டெங்கு பல மழைக்காலங்களாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கொரோனாவுக்கு அந்தப் பாடம் பாதிதான் பொருந்தும். கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் சீட்டில் முதலில் தேட வேண்டியது லிம்போசைட். அதிலும் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒரே நாள் எண்ணிக்கையோடு நிற்காமல், இரண்டு மூன்று சீட்டுகளை அடுத்தடுத்து வைத்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நோயாளியோடு ஆஸ்பத்திரியில் இருப்பவருக்காகவும், ஊரில் நான்கு பேர் தேடி வந்து சீட்டைக் காட்டிக் கேட்கும் கிராம சுகாதார செவிலியருக்காகவும் தன்னார்வலருக்காகவும் இந்த அத்தியாயம். மருந்தை முடிவு செய்வது டாக்டர் வேலை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் இரண்டு நிமிடத்தில் சரியான கேள்வியைக் கேட்பது நம் வேலை.

சீட்டுகளைச் சேர்த்து வைப்பது

இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடி விழுப்புரம் மாவட்டம். தெற்கே கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே பொம்மையார்பாளையம் தாண்டினால் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. அதற்கும் மேலே போனால் மறுபடி தமிழ்நாடு, மரக்காணம் வரை. 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களால் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தொற்று திடீரென்று ஏறியபோதும், புதுச்சேரி தன் எல்லைகளை அடைத்தபோதும், இந்தச் சாலையோர ஊர்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. எல்லை திறந்த பிறகும் அலைச்சல் வேறு வடிவில் தொடர்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கவுன்ட் எடுப்பார்கள். அங்கிருந்து காலாப்பட்டு பிம்ஸ். இல்லையென்றால் கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி, முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. ஒரே வாரத்தில் மூன்று ஆய்வகம், மூன்று இயந்திரம், மூன்று விதமான அச்சு. பழைய சீட்டை முந்தின இடத்திலேயே விட்டுவிட்டு வருபவர்கள் அதிகம். புதிய டாக்டர் கையில் இருப்பது அப்போது ஒரே ஒரு சீட்டு. ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

அதனால் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, எல்லாச் சீட்டையும் தேதி வரிசையில் போடுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் நோயின் எத்தனையாவது நாள் என்று பேனாவில் எழுதுங்கள். இது சின்ன வேலைதான், ஆனால் இதற்கு ஈடு கிடையாது. நாள் என்பது முதல் அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து கணக்கு. பரிசோதனை செய்த தேதியும் வார்டில் சேர்த்த தேதியும் இதற்கு உதவாது. முதல் தொண்டை வலி, முதல் உடம்பு வலி எந்தக் கிழமை என்று கேட்டு எழுதுங்கள். கடலுக்குப் போகிறவருக்குத் தேதி நினைவிருக்காது. கடைசியாக என்று தொழிலுக்குப் போனார் என்று கேட்டால் பதில் வந்துவிடும்.

அடுத்து அலகு. வெள்ளணு மொத்தம் ஒரு சீட்டில் 8,200 என்றும் இன்னொன்றில் 8.2 என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதில் ஆயிரக் கணக்கில் அச்சிட்டிருக்கிறார்கள். தட்டணு 1.45 லட்சம், 1,45,000, வெறும் 145 என்று மூன்று விதமாகவும் வரும். 145 என்ற எண்ணைப் பார்த்து வார்டு வராந்தாவில் அழுதவர்கள் இருக்கிறார்கள். அழுவதற்கு முன் அலகைப் பாருங்கள்.

லிம்போசைட்: ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்

வெள்ளணுக்களில் ஐந்து வகை. எண்ணிக்கையில் பெரியவை நியூட்ரோஃபிலும் லிம்போசைட்டும். பாக்டீரியாவை எதிர்க்க முதலில் ஓடுவது நியூட்ரோஃபில். வைரஸ் புகுந்த அணுக்களை அடையாளம் கண்டு அழிப்பதும் எதிர்ப்புரதம் செய்வதும் லிம்போசைட் கூட்டத்தின் பொறுப்பு. பெரியவர்களுக்கு மொத்த வெள்ளணு ஒரு கனமில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. அதில் லிம்போசைட் 1,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 1,500-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

கொரோனாவில் விழுவது இந்த லிம்போசைட்தான். சீனாவில் தொற்று பரவிய முதல் மாதங்களில் 1,099 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் வெளிவந்த ஆய்வில், சேரும்போதே லிம்போசைட் 1,500-க்குக் கீழே இருந்தவர்கள் 83.2 சதவீதம். தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தவர்கள் 36.2 சதவீதம்; மொத்த வெள்ளணு 4,000-க்குக் கீழே இருந்தவர்கள் 33.7 சதவீதம். மூன்றையும் ஒப்பிட்டால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

ஏன் விழுகிறது? காரணம் ஒன்றல்ல. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த டி அணுக்கள் என்ற லிம்போசைட் வகை நுரையீரலுக்கு இடம்பெயர்கிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருகும்போது பல அணுக்கள் மடிகின்றன. புதியவை உருவாகும் வேகமும் குறைகிறது. நோய் கடுமையாக ஆக, வீழ்ச்சியும் கடுமையாகிறது. ஊஹானில் இரண்டு ஆஸ்பத்திரிகளின் 191 நோயாளிகளைப் பற்றி 2020 மார்ச்சில் வெளியான ஆய்வு இதன் போக்கைத் தெளிவாகக் காட்டியது: பிழைத்தவர்களுக்கு லிம்போசைட் நோயின் ஏழாம் நாளை ஒட்டி அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஏறத் தொடங்கியது. இறந்தவர்களுக்குக் கடைசிவரை ஏறவே இல்லை.

இனி கணக்கு. சீட்டில் பெரும்பாலும் சதவீதம் மட்டும் இருக்கும். மொத்த வெள்ளணுவை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். மொத்தம் 8,200, லிம்போசைட் 12 சதவீதம் என்றால் 984. இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, பாடத்துக்காக நான் அமைத்த இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நோயாளிக்கு நான்காம் நாள் மொத்தம் 5,200, லிம்போசைட் 25 சதவீதம். ஏழாம் நாள் 6,400, 14 சதவீதம். ஒன்பதாம் நாள் 9,800, 7 சதவீதம். மொத்தக் கவுன்ட் மூன்று நாளும் இயல்பு எல்லைக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போன் செய்து "கவுன்ட் நார்மல்" என்று சொல்லிவிடுவார்கள். பெருக்கிப் பார்த்தால் லிம்போசைட் 1,300-லிருந்து 896-க்கு இறங்கி, 686-க்கு வந்து நிற்கிறது. இவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாமவருக்கு நான்காம் நாள் மொத்தம் 3,400, லிம்போசைட் 30 சதவீதம். ஏழாம் நாள் 3,100, 27 சதவீதம். பத்தாம் நாள் 4,600, 31 சதவீதம். முதல் இரண்டு சீட்டிலும் மொத்தக் கவுன்ட்டுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும், குடும்பமே கலங்கும். லிம்போசைட் சதவீதம் மூன்று நாளும் இயல்பு. எண்ணிக்கை 1,020, பிறகு 837, பிறகு 1,426. அடிமட்டத்தைத் தொட்டு ஏறிவிட்டது. இவர் தேறுகிறார்.

தடித்த எழுத்தை நம்பிப் பதறுவதும், தடித்த எழுத்து இல்லை என்று நம்பித் தூங்குவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இயந்திரம் அந்த ஒரு வரியை மட்டும்தான் எல்லையோடு ஒப்பிடுகிறது. நேற்றைய சீட்டு அதற்குத் தெரியாது.

வகுத்தல் இன்னும் சுலபம். நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுங்கள். டாக்டர்கள் என்எல்ஆர் என்று சொல்வது இதைத்தான். ஆரோக்கியமானவருக்கு இது ஏறக்குறைய 1 முதல் 3 வரை இருக்கும். முதல் நோயாளியின் சீட்டில் நான்காம் நாள் நியூட்ரோஃபில் 66, அதாவது 66 வகுத்தல் 25, விடை 2.6. ஒன்பதாம் நாள் 88 வகுத்தல் 7, விடை 12.6. பெரிய ஆய்வக வசதி இல்லாத இடத்திலும் இந்த ஒரு எண் நோயின் கடுமையைக் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான் 2021-இல் வார்டுகளில் இதைத் தினமும் எழுதினார்கள். டி-டைமர், ஃபெரிட்டின் என்று ஆயிரக்கணக்கில் செலவாகும் பரிசோதனைகளை நாளுக்கு நாள் திரும்பச் செய்வதைவிட, சாதாரணக் கவுன்ட்டை ஒழுங்காகப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், எச்ஐவி உள்ளவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், மூட்டுவாதத்துக்குப் பல வருடமாக ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோருக்கு லிம்போசைட் முன்பே குறைவாக இருக்கலாம். இவர்களுக்கு நோய்க்கு முந்தைய சீட்டுதான் அளவுகோல். வீட்டு அலமாரியில் ஆறு மாதத்துக்கு முந்தைய கவுன்ட் ஒன்று கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

ஸ்டீராய்டு போட்ட மறுநாள்

இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு தினம் 6 மில்லிகிராம் கொடுத்தால் வென்டிலேட்டரில் உள்ளவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் தேவைப்படுபவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைகிறது என்று அறிவித்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. அன்று முதல் ஆக்ஸிஜன் வைத்த கொரோனா நோயாளிக்கு ஸ்டீராய்டு வழக்கமாயிற்று.

ஸ்டீராய்டு உடம்புக்குள் போனதும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்தில் கலக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளிவருகின்றன. மறுநாள் மொத்தக் கவுன்ட் 15,000 வரை ஏறலாம். அதற்கு மேலும் போவதுண்டு. லிம்போசைட்டும் இயோசினோஃபிலும் அதே மருந்தால் இறங்கும். என்எல்ஆர் தானாக எகிறும். நோயாளி நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். சீட்டு மட்டும் பயமுறுத்தும்.

ஆகவே ஃபைலில் ஸ்டீராய்டு தொடங்கிய தேதியையும் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய என்எல்ஆரையும் பிந்தையதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கவுன்ட் ஏறியதற்குப் புதிய பாக்டீரியா தொற்று காரணமா, மருந்து காரணமா என்று பிரிக்க டாக்டர்கள் வேறு அடையாளங்களைத் தேடுவார்கள்: காய்ச்சல் விட்டுப்போய்த் திரும்ப வந்ததா, சளி நிறம் மாறியதா, ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் முதிராத நியூட்ரோஃபில்கள் தெரிகின்றனவா, புரோகால்சிடோனின் ஏறியிருக்கிறதா, ரத்தக் கல்ச்சரில் ஏதாவது வளர்ந்ததா. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "கவுன்ட் ஏறியிருக்கிறதே, ஸ்டீராய்டாலா, புது இன்ஃபெக்‌ஷனாலா?" கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கவுன்ட் ஏறியது என்பதற்காகவே பெரிய ஆன்டிபயாடிக் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கொரோனாவோடு சேரும்போதே பாக்டீரியா தொற்றும் உள்ளவர்கள் சிறுபான்மைதான்.

சர்க்கரையையும் கூடவே பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. அதே வாரத்தில்தான் கருப்புப் பூஞ்சை என்று பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ் மாநிலத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாயிற்று. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு அதற்கு வசதியான இடம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வீட்டிலேயே ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டவர்களுக்கு அதனால் கிடைத்தது ஏறிய சர்க்கரைதான், தேறிய நுரையீரல் இல்லை.

தட்டணு: டெங்குப் பாடத்தை மறக்க வேண்டிய இடம்

இயல்பு ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை. கொரோனாவில் தட்டணு குறைந்தால் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையில் நிற்கும். டெங்கு போல 20,000, 10,000 என்று சரிவது அரிது. நுரையீரலின் நுண்குழாய்களில் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் உருவாகும்போது தட்டணுக்கள் அங்கே செலவாகின்றன. டெங்குவில் அஞ்சுவது ரத்தக்கசிவுக்கு. கொரோனாவில் முதலில் அஞ்சுவது ரத்தம் உறைவதற்கு.

ஆகவே தட்டணு 1.2 லட்சம் என்று சீட்டு சொல்லும்போதே தொப்புளைச் சுற்றி ஹெபாரின் ஊசி போடுவார்கள். "தட்டணு குறைவாக இருக்கும்போது ரத்தத்தை இளக்குகிற ஊசியா?" என்று உறவினர்கள் தடுத்த சம்பவங்கள் உண்டு. தடுக்காதீர்கள். ரத்தக்கசிவு இல்லாமல், தட்டணு 25,000-க்குக் கீழே போகாமல் இருக்கும்வரை தடுப்பு அளவு ஹெபாரினைத் தொடரலாம் என்பதே ரத்த உறைவு குறித்த சர்வதேசச் சங்கம் 2020-இல் தந்த வழிகாட்டுதல். தட்டணு ஏற்றச் சொல்லியும் கேட்க வேண்டாம். கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. ஹெபாரின் தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தட்டணு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுந்தால், அந்த மருந்துக்கே உடம்பு எதிர்ப்புக் காட்டுவதாக இருக்கலாம். இது அரிது, ஆனால் மருந்தை உடனே மாற்ற வேண்டிய நிலை. 3 லட்சம் 1.4 லட்சமானால்கூட அது பாதிக்கும் கீழேதான். சீட்டை மட்டும் பார்ப்பவருக்குக் கொஞ்சம் குறைந்ததாகத்தான் தோன்றும். வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்குத்தான் வீழ்ச்சி தெரியும்.

இன்னொன்று. நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். சீட்டில் தட்டணு 40,000. இப்படி முன்னும் பின்னும் பொருந்தாத எண் வந்தால் ஊதா மூடிக் குழாயைச் சந்தேகியுங்கள். அதில் உள்ள இடிடிஏ என்ற ரசாயனத்தில் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கட்டியைத் தட்டணுவாக எண்ணாது. ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கச் சொன்னால் உண்மை தெரியும். இல்லையென்றால் நீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில் மறுபடி எடுப்பார்கள்.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். டெங்குவிலேயே அது உயிர் காத்ததற்குத் திடமான சான்று கிடையாது. கொரோனாவில் அதற்கு வேலையே இல்லை. வாந்தி வந்து நீரிழப்புதான் கூடும்.

தேறும் காலத்தில் தட்டணு நான்கரை லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அழற்சி அடங்கும்போது வரும் ஏற்றம் அது. சில வாரத்தில் தானே இறங்கும்.

ஹீமோகுளோபினும் உப்பளத்து உடம்பும்

தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக உப்பு விளையும் இடம் மரக்காணம். கோடை முழுக்க விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்கி வேலை செய்யும் உடம்பில் நீர்ச்சத்து எப்போதும் குறைந்தே இருக்கும். பாத்திக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லை என்பதால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்ப்பதும் வழக்கம். அப்படிப்பட்டவர் காய்ச்சலோடு வந்து சேரும்போது ரத்தம் கெட்டித்திருக்கும். ஹீமோகுளோபின் 12 என்று காட்டும். இரண்டு பாட்டில் சலைன் ஏறியதும் 10 ஆகிவிடும். "ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைந்துவிட்டது" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அவருடைய உண்மையான அளவே 10-தான். முதல் நாள் சீட்டு அதை மறைத்திருந்தது.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இங்கே வார்டில் சேரும் அந்த வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கொரோனா வருவதற்கு முன்பே ஹீமோகுளோபின் குறைவு. கொரோனா நேரடியாக ஹீமோகுளோபினைப் பெரிதாக வீழ்த்துவதில்லை. ஆனாலும் இந்த எண் முக்கியம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஹீமோகுளோபின் 7 உள்ள பெண்ணுக்கு ஆக்ஸிமீட்டர் 97 காட்டினாலும், அவர் ரத்தம் சுமக்கும் ஆக்ஸிஜன் 14 உள்ளவருடையதில் பாதிதான். அவர் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், கருவி நன்றாகக் காட்டுகிறதே என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

இரும்புச்சத்து விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஃபெரிட்டின் இரும்பின் இருப்பைக் காட்டும் அளவு என்று படித்திருப்பீர்கள். கொரோனாவில் அழற்சியாலேயே அது பல மடங்கு ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்து இரும்பு போதும் என்று மாத்திரையைக் கைவிட்டுவிடாதீர்கள். குணமாகிச் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உப்பளத் தொழிலாளிக்குச் சிறுநீரகமும் வெயிலால் நலிந்திருக்கக்கூடும். கவுன்ட்டோடு கிரியேட்டினினும் பார்த்தார்களா என்று கேளுங்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கொரோனா என்று முடிவுகட்டும் முன்

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் காய்ச்சல் வந்தால் அது கொரோனா, டெங்கு, உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். கவுன்ட் சீட்டை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. சந்தேகத்தைத் திருப்பிவிட மட்டும் முடியும். தட்டணு வேகமாகச் சரிந்து, கூடவே ரத்தம் கெட்டித்து ஹெமாட்டோகிரிட் ஏறினால் டெங்கு. தட்டணு குறைந்து, வெள்ளணு இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்து, அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருந்தால் உண்ணிக்காய்ச்சல். பிம்ஸில் கண்ட உண்ணிக்காய்ச்சல் நோயாளிகள் 50 பேரைப் பற்றி 2010-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. ஆக, இது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும் நோய், கொரோனா என்ற ஒரே எண்ணத்தில் தேடாமல் விட்டால் உயிரையும் வாங்கும்.

சிங்கப்பூரில் 2020 தொடக்கத்தில் இரண்டு நோயாளிகளுக்கு விரைவு டெங்குப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டியது. உண்மையில் இருவருக்கும் கொரோனா. காய்ச்சலும் குறைந்த தட்டணுவும் இரண்டு நோயிலும் ஒன்றுபோல இருப்பதால் அந்தத் தவறான முடிவை முதலில் நம்பிவிட்டார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்ப காலத்தில் வெள்ளணு இயல்பாகவே கூடும். 12,000, 13,000 இருப்பதைத் தொற்று என்று கொள்ள முடியாது. தட்டணு கொஞ்சம் இறங்கும். ஹீமோகுளோபின் எல்லை 11. சாதாரணச் சீட்டில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லைகள் அவர்களுக்குப் பொருந்தாது.

சிறு குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட லிம்போசைட் மிக அதிகம். பாதிக்கு மேல் இருப்பதே இயல்பு. ஆகவே என்எல்ஆர் கணக்கைக் குழந்தைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். கொரோனா வந்துபோன இரண்டு முதல் ஆறு வாரத்தில் குழந்தைக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்று வலி என்று வந்தால், அப்போது எடுக்கும் கவுன்ட்டில் லிம்போசைட்டும் தட்டணுவும் குறைந்திருந்தால், பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சியாக இருக்கலாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் யாருக்கு எப்போது சளி வந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் அன்று லிம்போசைட் முழுமையாக ஏறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏறத் தொடங்கியிருந்தால் போதும். ஸ்டீராய்டால் ஏறிய மொத்தக் கவுன்ட், மருந்து நின்றதும் தானே இறங்கும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஒரு கவுன்ட் எடுத்துப் பாருங்கள். அதற்குள் தினம் தினம் எடுத்துக் கலங்குவது வீண் செலவு. அப்போதும் லிம்போசைட் 1,000-க்குக் கீழே நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். காசநோய், எச்ஐவி போன்ற வேறு காரணங்களையும் அவர்கள் தேடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று சர்வதேச அவசரநிலையை விலக்கிக்கொண்டது. இன்று கொரோனாவோடு சேர்கிறவர்கள் பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்கள், முன்பே ஒருமுறை தொற்று கண்டவர்கள். கவுன்ட் மாற்றங்களும் முன்போலக் கடுமையாக இருப்பதில்லை. ஆனால் வயதானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த அத்தியாயத்தில் சொன்னவை அப்படியே பொருந்தும்.

கடைசியாக, சீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரம் எது என்று சொல்லியாக வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலும், பேசும்போது வாக்கியம் முடியாமல் மூச்சு நின்றாலும், உதடு நீலம் பூத்தாலும், ஆள் திடீரென்று குழம்பிப் பேசினாலும் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.